பாதத்தைப் பார்க்கத் தெரிந்தவர்: இரண்டு உயர்விலை ஷூ கடைகளின் சேவை குறித்து

உயர்விலைத் தோல் ஷூக்களைப் பற்றிய மதிப்பீடுகளில் தோலின் தரம், தையலின் நேர்த்தி, முனையின் வடிவம் என எல்லாமே அலசப்படுகின்றன. அந்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து நம் காலில் மாட்டிப் பார்க்கும் விற்பனையாளரைப் பற்றி ஒரு வரி வந்தாலே அதிகம். எனக்கு இது பெருங்குறையாகப் படுகிறது. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் 1879ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ் நிறுவனத்தின் ஒரு மாதிரியை எந்தக் கடையில் வாங்கினாலும் அது அதே ஷூதான். அது வாங்கியவரின் காலில் பல்லாண்டு உழைக்கப் போகிறதா, இரண்டு முறை அணிந்து கொப்புளம் கண்ட பிறகு அலமாரிக்கு அடியில் கிடக்கப் போகிறதா என்பது பெரும்பாலும் கடையில் கழியும் அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த அரை மணி நேரம் விற்பனையாளரின் கையில் இருக்கிறது. ஆகவே இங்கே விற்பவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் ஒப்பிடும் கடைகள் இரண்டிலும் ஆண்களுக்கான முறைசார் ஷூக்கள்தான் முதன்மைச் சரக்கு. விலையும் தரமும் ஏறத்தாழ ஒன்றே. சில நிறுவனங்களின் ஷூக்கள் இரண்டிலும் கிடைக்கின்றன. கடைகளின் பெயரை நான் குறிப்பிடவில்லை. முதலாவதில் கண்ட குறைகள் அந்தக் கடைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும், இரண்டாவதில் கண்ட சிறப்பு எந்தக் கடையும் முயன்றால் பெறக்கூடியது என்பதும் அதற்குக் காரணம்.

முதல் கடையின் வரவேற்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. அகலமான இருக்கைகள், மென்மையான விளக்கொளி, கனிவான பேச்சு, குடிக்க என்ன வேண்டும் என்ற உபசரிப்பு எல்லாம் உண்டு. உட்கார்ந்ததும் வந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி, “என்ன சைஸ் சார்?” என்பது. நான் ஓர் எண்ணைச் சொன்னேன். அது எந்த நாட்டு முறைப்படியான எண் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் அந்த எண் அச்சிட்ட பெட்டியோடு வந்தார். உயர்விலைக் கடையில் எனக்கு நம்பிக்கை குறையத் தொடங்கும் இடம் இதுதான்.

எண்ணைக் கேட்பதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம். பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பியக் கண்டத்து முறையில் அது மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இரண்டு முறைகளின் படிகளும் ஒன்றோடொன்று பொருந்தி வராததால், சுவரில் ஒட்டியிருக்கும் மாற்று அட்டவணை எப்போதும் ஒரு தோராயமே. அமெரிக்க எண் பிரிட்டிஷ் எண்ணைவிடச் சாதாரணமாக ஒன்று கூடுதலாக இருக்கும். சில நிறுவனங்களில் அரை எண் மட்டுமே கூடுதலாக இருக்கும். அகலத்தைக் குறிக்கும் எழுத்துகளின் குழப்பம் இதைவிடப் பெரியது. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு ‘டி’ என்பது நடுத்தர அகலம். ‘இ’ அகன்ற காலுக்கு உரியது. ஆனால் கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ், எட்வர்ட் கிரீன் ஆகிய இங்கிலாந்து நிறுவனங்களில் ‘இ’ என்பதே நடுத்தரம். அதே இங்கிலாந்தில் சர்ச்ஸ், லோக் ஆகிய நிறுவனங்களுக்கு நடுத்தரம் ‘எஃப்’. ஒரே கடையில் இந்த நிறுவனங்களின் ஷூக்கள் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கும்போது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தை மட்டும் நம்பி எடுத்துத் தருபவர் வாடிக்கையாளருக்குத் தவறான ஷூவைத் தருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

அந்த இளைஞர் கொண்டுவந்த ஷூ பெருவிரல் மூட்டின் இருபுறமும் அழுத்தியது. சொன்னேன். “தோல்தானே சார், போடப்போட விரிந்துவிடும்” என்றார். ஷூ விற்பனையில் இந்த ஒரு வாக்கியம் செய்திருக்கும் தீங்குக்கு அளவில்லை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அது முழுப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். பாதி உண்மை என்பதால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. நல்ல கன்றுத் தோல் அகலவாட்டில் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும் என்பது சரி. நீளவாட்டில் அது கொடுக்காது. ஷூவின் விரிந்த பகுதி நம் பெருவிரல் மூட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போய் நின்றால், எத்தனை மாதம் அணிந்தாலும் அந்த மூட்டு உரிய இடத்துக்கு நகர்ந்து வராது. ஷூ தவறான இடத்தில் மடிந்து மடிந்து, தோலில் ஆழமான சுருக்கம் விழுந்து, காலுக்கும் ஷூவுக்கும் சேர்த்தே கெடுதி நேரும். விரியக்கூடிய இறுக்கம் எது, விரியாத இறுக்கம் எது என்று பிரித்துச் சொல்வதுதான் விற்பனையாளரின் வேலை. அதைச் செய்யாமல் எல்லா இறுக்கத்துக்கும் ஒரே பதிலைச் சொல்வது வேலையைத் தட்டிக்கழிப்பதாகும்.

அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அளவுக் கருவி கடையில் எங்கோ இருப்பதாகவும் தேடிப் பார்க்க வேண்டும் என்றும் பதில் வந்தது. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் வடிவமைத்த உலோகக் கருவியைத்தான் சொல்கிறேன். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதன் அடிப்படை மாறவில்லை. குதிகாலிலிருந்து விரல் நுனி வரையிலான நீளம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையிலான நீளம், பாதத்தின் அகலம் என மூன்றையும் அது காட்டும். இவற்றில் இரண்டாவது அளவைத்தான் பயிற்சியில்லாத விற்பனையாளர் கவனிப்பதே இல்லை. விரல்கள் குட்டையாகவும் பாதத்தின் நடுப்பகுதி நீளமாகவும் உள்ள ஒருவருக்கு விரல் நுனி அளவை மட்டும் பார்த்துக் கொடுத்தால் ஷூ சிறியதாகிவிடும். இரண்டு நீளங்களில் எது பெரிய எண்ணைக் காட்டுகிறதோ அதிலிருந்து தொடங்குவதே முறை.

இரண்டாவது கடையில் அந்தக் கருவி வாடிக்கையாளரின் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே என்னைக் கவனித்தவர் நடுவயதைக் கடந்தவர். எண்ணைக் கேட்கவில்லை. இந்த ஷூவை எங்கே அணியப் போகிறீர்கள், நாளில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், இப்போது அணிந்திருக்கும் ஷூவில் எந்த இடத்தில் தொந்தரவு என்று மூன்று கேள்விகள் கேட்டார். பிறகு நான் கழற்றி வைத்திருந்த பழைய ஷூவைக் கையில் எடுத்து, அடிப்பகுதி எங்கே தேய்ந்திருக்கிறது, மேல்தோல் எங்கே மடிந்திருக்கிறது, குதிகாலின் உட்புறத் துணி எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தார். அந்தத் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு வாடிக்கையாளர் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே பாதிச் செய்தி கிடைத்துவிடுகிறது.

அளந்தது இரண்டு கால்களையும். அதுவும் நிற்க வைத்து. உட்கார்ந்திருக்கும்போது பாதத்தின் மேல் உடலின் எடை முழுவதும் இறங்குவதில்லை, ஆகையால் அளவு சிறியதாகக் காட்டும். பெரும்பாலானோரின் இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஆகையால் பெரிய காலுக்கு ஷூவைத் தேர்ந்துவிட்டு, சிறிய காலுக்குத் தேவைப்பட்டால் மெல்லிய உள்தகடு வைக்க வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் காலையில் அளந்த அளவோடு அதை ஒப்பிடக் கூடாது. இவையெல்லாம் அவர் எனக்கு எடுத்த பாடங்கள் அல்ல. அளந்துகொண்டே, இரண்டு மூன்று சொற்களில் சொல்லிக்கொண்டு போனவை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கருவி காட்டிய எண்ணைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷூவும் எந்த லாஸ்டின் மேல் செய்யப்பட்டது என்று பேசத் தொடங்கினார். லாஸ்ட் என்பது மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கால் வடிவ அச்சு. அதன்மேல் தோலை இழுத்துப் போர்த்தித்தான் ஷூ உருவாகிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணுள்ள இரண்டு ஷூக்கள், லாஸ்ட் வேறானால், இரண்டு வேறு மனிதர்களுக்குப் பொருந்தும். மாசசூசெட்ஸில் 1884ஆம் ஆண்டு தொடங்கிய ஆல்டன் நிறுவனத்தின் பாரி என்னும் லாஸ்ட் அரை எண் பெரிதாக வரும் என்பது இத்துறையில் பலரும் அறிந்த செய்தி. அளவுக் கருவி காட்டும் எண்ணை அப்படியே அந்த லாஸ்டில் எடுத்தால் பலருக்குக் குதிகால் வழுக்கும். எட்வர்ட் கிரீனின் 82, 202, 606 ஆகிய லாஸ்ட் எண்களைக் கேட்ட அளவில் முனையின் வடிவம் கண்முன் வரும் விற்பனையாளரும் இருக்கிறார்; அந்த எண்கள் ஷூவின் உட்புறத்தில் எதற்காக எழுதப்பட்டிருக்கின்றன என்பதே தெரியாத விற்பனையாளரும் இருக்கிறார். இருவர் விற்பதும் ஒரே ஷூ, ஒரே விலைக்கு.

நான் விரும்பிக் கேட்டது ஆக்ஸ்போர்டு. அதை மாட்டி, கயிற்றைக் கட்டி, நிற்கச் சொல்லி, கயிற்றுத் துளைகள் உள்ள இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார். ஆக்ஸ்போர்டில் அந்த மடிப்புகள் கீழே ஒன்றாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். புதிய ஷூவில் மேலே அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருப்பது நல்லது. உட்புறம் நாளடைவில் காலுக்கேற்பப் பதிந்த பிறகு அது மூடிக்கொள்ளும். புத்தம் புதிதாக இருக்கும்போதே முழுவதும் மூடிக்கொண்டால் பிறகு இறுக்கிக் கட்ட இடமிருக்காது. என் புறங்கால் சற்று உயரம். இடைவெளி அகன்று ‘வி’ வடிவில் நின்றது. “இந்த லாஸ்டில் ஆக்ஸ்போர்டு உங்களுக்கு வேண்டாம், எண்ணைக் கூட்டினால் இது மூடும், ஆனால் குதிகால் கழன்று வரும்” என்று சொல்லி, மடிப்புகள் மேலிருந்து தனித்தனியே தைக்கப்பட்ட டெர்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அது நான் கேட்ட ஷூவைவிட விலை குறைந்தது. கூடுதல் விலையுள்ளதை வாங்கத் தயாராக வந்தவரிடம் இப்படிச் சொல்வதற்கு, தன் அறிவின் மேல் நம்பிக்கையும் கடை முதலாளியின் ஆதரவும் இரண்டும் வேண்டும்.

ஷூவின் கட்டுமானத்தைப் பற்றிய கேள்விகளில் இரண்டு கடைகளுக்கும் இடையிலான தூரம் இன்னும் கூடுகிறது. முதல் கடையில் குட்இயர் வெல்ட் என்றால் என்ன என்று கேட்டபோது, டயர் செய்யும் நிறுவனத்தின் ரப்பர் அடிப்பகுதி என்ற பொருளில் விளக்கம் வந்தது. உண்மையில் அந்தப் பெயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகனுடையது; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெல்ட் தைக்கும் இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். டயர் நிறுவனம் 1898இல் தொடங்கியது. அது தந்தையின் நினைவாகப் பெயரை எடுத்துக்கொண்டதே தவிர ஷூவோடு அதற்குத் தொடர்பில்லை. வரலாறு தெரியாமல் போனதை நான் பெரிதுபடுத்தமாட்டேன். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்டு ஒருவர் தோல் அடிப்பகுதியை ரப்பர் என்று நினைத்து ஈரத் தரையில் நடந்தால் வழுக்கி விழுவார் அல்லவா?

வாங்குபவருக்குத் தேவையானது இதுதான்: குட்இயர் முறையில் வெல்ட் என்னும் தோல் பட்டை ஒன்று, மேல்தோலோடும், இன்சோல் என்னும் பாதம் படியும் உள் அடித்தோலின் அடியில் ஒட்டிய துணி விளிம்போடும் சேர்த்துத் தைக்கப்படுகிறது; அடிப்பகுதி அந்தப் பட்டையோடு தனியாகத் தைக்கப்படுகிறது. அடிப்பகுதி தேய்ந்ததும் அந்த இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதியதை வைக்கலாம். நடுவில் நிரப்பிய கார்க் காலின் எடைக்கு அழுந்தி, பாதத்தின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் பெயரால் வழங்கும் பிளேக் முறையிலோ, ஒரே தையல் இன்சோலையும் மேல்தோலையும் அடிப்பகுதியையும் ஊடுருவிச் செல்கிறது. ஷூ மெலிதாகவும் உடனே வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். ஈரம் தையல் துளை வழியே உள்ளே வர வாய்ப்புண்டு. அடிப்பகுதியை மாற்ற அதற்குரிய இயந்திரம் உள்ள பழுதுபார்ப்பவர் வேண்டும். இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது மட்டம் என்று சொல்பவரையும் நான் நம்புவதில்லை. இரண்டாவது கடைக்காரர் என்னிடம் கேட்டது, என் ஊரில் ஷூ தைப்பவரிடம் என்ன இயந்திரம் இருக்கிறது என்பது. அந்தக் கேள்வியில் இருந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விற்ற பிறகு அந்த ஷூவுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கும் ஒருவரால்தான் அப்படிக் கேட்க முடியும்.

‘கையால் செய்தது’ என்ற சொல் முதல் கடையில் தாராளமாகப் புழங்குகிறது. எந்தப் பகுதி கையால் செய்தது என்று கேட்டால் பதில் இல்லை. வெல்ட்டைக் கையால் தைப்பவர்கள் இன்சோலின் தடித்த தோலிலேயே விளிம்பைச் செதுக்கி எடுத்து அதில் ஊசி ஏற்றுவார்கள். இயந்திரத் தையலுக்கு அந்த இடத்தில் துணி விளிம்பு ஒட்டப்பட்டிருக்கும். விலை வேறுபாட்டின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. இது தெரியாமல் கைத்தொழில் என்று சொல்லி விற்பது, உண்மையிலேயே பல மணி நேரம் கையால் தைத்த தொழிலாளிக்கும் செய்யும் அநீதி.

தோலைப் பற்றிப் பேசும்போதும் இதே நிலைதான். மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கி, மேலே செயற்கைப் பூச்சு ஏற்றிய தோல், கடை விளக்கின் கீழ் கண்ணாடி போல மின்னும். அதை மிக உயர்ந்த தோல் என்று முதல் கடையில் காட்டினார்கள். அந்தப் பூச்சு மடிப்புகளில் வெடிக்கத் தொடங்கினால் எந்த மெழுகாலும் சரிசெய்ய முடியாது என்று அவர்கள் சொல்லவில்லை. இயற்கையான மேற்பரப்பைக் காப்பாற்றிப் பதனிட்ட கன்றுத் தோல் புதிதில் அவ்வளவு மின்னாது. ஆண்டுக்கணக்கில் பராமரித்தால் அதன் நிறம் ஆழமாகிக்கொண்டே போகும். ஷெல் கார்டோவன் இவற்றினும் வேறுபட்டது. குதிரையின் பின்புறத் தோலுக்குள் இருக்கும் அடர்ந்த நார்ப்படலத்திலிருந்து அது கிடைக்கிறது. சிகாகோவில் 1905 முதல் இயங்கும் ஹார்வீன் பதனிடும் தொழிற்சாலையில் அதை முடிக்கக் குறைந்தது ஆறு மாதம் ஆகிறது. கன்றுத் தோலில் போல நுண்சுருக்கம் விழாமல், உருண்டையான அலைகளாக மடிவது அதன் இயல்பு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விற்றால், வாங்கியவர் முதல் வாரத்திலேயே ஷூ கெட்டுவிட்டது என்று திரும்பி வருவார். மழைத்துளி பட்டால் அதில் சிறு புள்ளிகள் எழும்பும் என்பதையும், அதைத் தூரிகையால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

தெரியாதவர்களைவிட எனக்குக் கவலை தருபவர்கள் வேறொரு வகையினர். முதல் கடையில் இளைஞர் திணறுவதைப் பார்த்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். நிறுவனம் தொடங்கிய ஆண்டு, அதை அணிந்த பிரபுக்கள், விளம்பரக் கையேட்டில் உள்ள சொற்றொடர்கள் என்று தங்குதடையின்றிப் பேசினார். கேட்க இனிமையாகவும் இருந்தது. ஆனால் அத்தனை நேரமும் அவர் நின்றுகொண்டே இருந்தார்; என் காலை ஒருமுறையும் தொடவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஷூவின் மேல் விரலை வைத்து அழுத்தி விரல் எங்கே முடிகிறது, அகலமான மூட்டு எங்கே அமர்கிறது என்று பார்க்காத அறிவு, எத்தனை விரிவாக இருந்தாலும் வாங்குபவருக்குப் பயன்படாது. அந்த இளைஞராவது, “எனக்குத் தெரியவில்லை சார், கேட்டுச் சொல்கிறேன்” என்று ஒருமுறை சொன்னார். அவரிடம் குறையிருக்கிறது, ஆனால் நேர்மை இருக்கிறது, சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்.

கருவியின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. 1920களிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஷூ கடைகளில் எக்ஸ்ரே பெட்டிகள் வைத்திருந்தார்கள். காலை உள்ளே விட்டால் ஷூவுக்குள் எலும்புகள் எப்படி இருக்கின்றன என்று திரையில் தெரியும். வாடிக்கையாளர்கள் வியந்தார்கள், குழந்தைகள் விளையாடினார்கள். எலும்பைக் காட்டிய அந்தப் படம் சதையின் மேல் விழும் அழுத்தத்தைக் காட்டவில்லை. கதிர்வீச்சின் ஆபத்தோ, நாள்தோறும் அருகில் நின்ற பணியாளருக்கே மிகுதி. பென்சில்வேனியா மாநிலம் 1957இல் அதைத் தடைசெய்தது. மற்ற இடங்களிலும் அவை மறைந்தன. இன்று சில கடைகளில் பாதத்தை முப்பரிமாணப் படமெடுக்கும் மேடைகள் வந்திருக்கின்றன. அவை தீங்கற்றவை, அளவும் துல்லியம். எனினும் எடுத்த படத்தை எந்த லாஸ்டோடு ஒப்பிடுவது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால், வாங்குபவரின் கையில் மிஞ்சுவது ஓர் அழகான அச்சுப்பிரதி மட்டுமே.

இந்தக் குறைக்கு விற்பனை மேசையில் நிற்கும் இளைஞர்களைக் கடிந்துகொள்வதை நான் ஏற்கமாட்டேன். நேற்றுவரை வேறு பொருள் விற்ற ஒருவரை, விலைப்பட்டியலையும் சீருடையையும் கொடுத்து நிறுத்திவிட்டு, விற்ற தொகையைக் கொண்டு அவரது ஊதியத்தைக் கணக்கிட்டால், பொருந்தாத ஷூவையும் விற்கத்தான் அவர் கற்றுக்கொள்வார். திருப்பிக் கொண்டுவந்த ஜோடிகளையும் அந்தக் கணக்கில் கழித்தால் நிலைமை மாறும். பயிற்சிக்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. பழைய வெல்ட் ஷூ ஒன்றை நீளவாட்டில் அறுத்து மேசையின் மேல் வைத்தால் கார்க், இன்சோல், தையல் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடலாம். வாடிக்கையாளருக்கும் அதுவே பயன்படும். கடையில் உள்ள ஒவ்வொரு லாஸ்டும் நீளத்தில், அகலத்தில், புறங்கால் உயரத்தில் எப்படி வருகிறது என்று ஒரு குறிப்பேடு எழுதி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பணியாளர்கள் தாங்கள் விற்கும் ஷூவை அணிந்து நடக்க வேண்டும். அணிந்து பழகாத பொருளைப் பற்றி எத்தனை நாள்தான் மனப்பாடமாகப் பேச முடியும்?

வாங்கச் செல்பவர் முதல் சில நிமிடங்களிலேயே எதிரே இருப்பவரை அறிந்துகொள்ள ஒரு கேள்வி போதும் என்பது என் அனுபவம்: “இந்த ஷூ எப்படிப்பட்ட காலுக்குப் பொருந்தாது?” தெரிந்தவர் உடனே சொல்வார், உயர்ந்த புறங்கால், அகன்ற முன்பாதம், ஒடுங்கிய குதிகால் என்று ஏதாவது ஒன்றைச் சுட்டுவார். தெரியாதவர், எல்லோருக்கும் பொருந்தும் என்பார். கயிறில்லாத லோஃபரை வாங்குவதாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் அவசியம். கட்டி இறுக்க வழியில்லாத அந்த ஷூவில் தொடக்கத்திலேயே பிடிப்பு சரியாக இருக்க வேண்டும். சில நாள் அணிந்த பிறகு தளர்ந்தால் அதைச் சரிசெய்ய எதுவும் இல்லை.

விற்ற பிறகான சேவையிலும் இரண்டாவது கடைதான் முன்னே நிற்கிறது. ஒரே ஜோடியைத் தொடர்ந்து இரண்டு நாள் அணியாமல் வியர்வை உலர விட வேண்டும் என்பதையும், கழற்றியதும் சீடார் மரத்தாலான கால் வடிவக் கட்டையை, அதாவது ஷூ ட்ரீயை, உள்ளே வைத்தால் சுருக்கம் நிமிரும் என்பதையும், மெழுகை மட்டும் பூசிக்கொண்டே இருந்தால் தோல் வறண்டுவிடும், இடையிடையே கிரீம் வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். ஷூ ட்ரீயை எந்த அளவில் வாங்க வேண்டும் என்றும் சொன்னார். நீளம் அதிகமான ஒன்றைத் திணித்தால் குதிகால் பகுதி நெளிந்துவிடும். முதல் கடையில் எல்லாத் தோலுக்கும் ஒரே பாலிஷ் டப்பாவைப் பைக்குள் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்வேட் என்னும் பூம்பட்டுப் போன்ற மேற்பரப்புள்ள தோல் ஷூ வாங்கிய ஒருவரின் பைக்குள்ளும் அந்த டப்பாவே போனதைப் பார்த்தேன். ஸ்வேடின் மேல் மெழுகு பட்டால் அந்த ஷூ பாழ்.

கடையில் அளந்து, மாட்டிப் பார்த்து, லாஸ்டின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் மலிவாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த அரை மணி நேர உழைப்புக்குக் கூலி கொடுக்காமல் போவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அதே வேளையில், அந்த உழைப்பே இல்லாத கடையில் முழு விலை கொடுப்பதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை. தன் லாஸ்டும் அளவும் முன்பே தெரிந்தவர்களுக்கு முதல் கடை போதும்: சரக்கு ஏராளம், நிறங்கள் அதிகம், பெட்டியைச் சுட்டிக்காட்டினால் எடுத்துத் தந்துவிடுவார்கள், மாற்றித் தருவதிலும் தயக்கமில்லை. முதன்முறையாக இத்தகைய ஷூ வாங்குபவர் அங்கே போக வேண்டாம்.

இரண்டாவது கடையிலும் குறைகள் உண்டு. அகலங்களில் நடுத்தரம் தவிர மற்றவை பெரும்பாலும் கையிருப்பில் இல்லை. வரவழைத்துத் தருகிறார்கள், வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. அதைவிட முக்கியமான குறை, அந்த அறிவு முழுவதும் ஒரே மனிதரிடம் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எந்த லாஸ்டில் எந்த எண் பொருந்தியது என்று அவர் அட்டைகளில் எழுதி வைக்கிறார். ஆனால் அவற்றைப் படித்துப் பொருள்கொள்ள மற்ற பணியாளர்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. அவர் விடுப்பில் இருந்த நாளில் சென்ற என் நண்பரிடம் அங்கேயும் முதல் கேள்வியாக எண்ணைத்தான் கேட்டிருக்கிறார்கள். அண்மையில் சென்றபோது இளம் பணியாளர் ஒருவர் அளவெடுக்க, பெரியவர் பக்கத்தில் அமர்ந்து திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சி முடியும்வரை, போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து அவர் கடையில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு, மாலை வேளையில், வழக்கமாக அணியும் காலுறையோடும் பழைய ஷூவோடும் செல்லுங்கள்.